வாத்தியார் பதில்கள்: 11,780 வாக்கைத் தேடியவர்

இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் வழக்கமாகப் பாதி சம்பளம், மீதி காணி உறுதி. இந்த முறை என்ன காற்று அடித்ததோ, அமெரிக்காவைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்றதால் ஊர் மட்டும்.

அரசியல்வாதி என்றால் பொய் சொல்லத்தான் செய்வான். நம்ம ஊரில் "தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்" என்று சொல்லியே எத்தனை மேடை ஓடியது? ட்ரம்ப் சொன்னால் மட்டும் ஜனநாயகமே போச்சு என்கிறார்களே, ஏன் வாத்தியாரே?
– தலவாக்கலை

ஆயிரம் ரூபாயை நீங்களே எடுத்துத் தந்தது வசதியாகப் போயிற்று, ஐயா. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக அந்த ஆயிரம் வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே மா விலையும் கேஸ் விலையும் அதைத் தின்றுவிட்டன. அதற்கு முன் மேடை மேடையாக அதைச் சொல்லி வாக்கு வாங்கியது வாக்குறுதிப் பொய். கேவலம்தான். ஆனாலும் அதைச் சொன்னவர் அடுத்த தேர்தலுக்கு நம்ம லயத்து வாசலுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், புள்ளடியை வேறு சின்னத்துக்குப் போடலாம்.

இன்னொன்று, செய்ததை மறைக்கும் பொய். 1972 ஜூனில் வொஷிங்டனில் வோட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிக்சன் தரப்பு சாதித்தது. கடைசியில் அவருடைய அறையிலேயே பதிவான ஒலிநாடாக்களைக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் எட்டுக்குப் பூச்சியம் என்று தீர்ப்புச் சொன்னது. கொடுத்தார். அவருடைய கட்சியின் மூத்த செனட்டர்களே போய், உங்களுக்கு வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். 1974 ஓகஸ்ட்டில் வீட்டுக்குப் போனார். பொய் சொன்னவர்தான், ஆனால் உண்மை வெளியே வந்தால் தன் கதை முடிந்தது என்ற பயம் அவரிடம் இருந்தது.

ட்ரம்ப் விஷயத்தில் எனக்கு நெருடுவது இந்த இரண்டும் இல்லை. வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அவருடைய முதல் நான்கு வருடத்தில் 30,573 பொய்யான அல்லது திசைதிருப்பும் கூற்றுகளை எண்ணி வைத்தது. அதில் பெரும்பாலானவற்றை மேடைப்பேச்சு என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது ஒன்றே ஒன்று: எண்ணி முடித்த வாக்குக் கணக்கையே பொய் என்று சொன்னது. தோட்டத்துத் துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் விடுவது ஒரு தப்பு. கொழுந்து நிறுக்கிற தராசிலேயே கை வைப்பது வேறு ரகம். அதற்குப் பிறகு எந்தக் கணக்கை வைத்து நீங்கள் அவரிடம் நியாயம் கேட்பது?

நடந்தது இதுதான். 2020 தேர்தலில் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குகள். பைடன் 11,779 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முதல் எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு சீட்டாகக் கையால், பிறகு மறுபடியும் இயந்திரத்தால் என்று மூன்று தரம் எண்ணியும் வென்றவர் மாறவில்லை. 2021 ஜனவரி 2ஆம் திகதி ட்ரம்ப், அங்கே தேர்தலை மேற்பார்வை செய்த மாநிலச் செயலாளர் பிரட் ரஃபென்ஸ்பெர்கருக்குத் தொலைபேசி எடுத்து, தனக்கு 11,780 வாக்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வித்தியாசத்தைவிட ஒன்று கூட. கணக்குத் தெரிந்த மனுஷன்! ரஃபென்ஸ்பெர்கரும் ட்ரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்தான். எங்கள் கணக்கு சரி என்று சொல்லிவிட்டார்.

ட்ரம்ப் தரப்பினர் 60க்கு மேல் வழக்குப் போட்டும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார்கள். அப்படியிருந்தும் தேர்தல் களவு போனது என்று கோடிக்கணக்கான பேர் நம்புகிறார்களே, படித்த நாடு தானே அது?
– கொட்டகலை

படிப்புக்கும் இதற்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. வழக்கைத் தள்ளிய நீதிபதிகளில் ட்ரம்பே நியமித்தவர்களும் உண்டு. ஆனால் தீர்ப்பை யார் படிப்பது? தொலைக்காட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஃபொக்ஸ் நியூஸ் என்ற அலைவரிசையில் டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் வாக்கை மாற்றிவிட்டன என்று நாள்கணக்காகப் பேசினார்கள். டொமினியன் வழக்குப் போட்டது. வழக்கில் வெளியே வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்தால், திரையில் பேசியவர்களில் சிலர் தங்களுக்குள் அதை நம்பவே இல்லை. உண்மையைச் சொன்னால் பார்வையாளர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்ற கவலை. 2023 ஏப்ரலில் விசாரணை தொடங்கும் வேளையில் ஃபொக்ஸ் 78 கோடி 75 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கொடுத்த காசைவிட, அந்தக் குறுஞ்செய்திகள்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டன.

இன்னொரு சம்பவம் சொல்கிறேன். இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அட்லாண்டாவில் ஒரு விளையாட்டரங்கில் வாக்கெண்ணும் வேலை. அங்கே ஒரு தாயும் மகளும் கடமையில் இருந்தார்கள், கறுப்பினப் பெண்கள். தாய் மகளின் கையில் எதையோ கொடுப்பது காணொளியில் தெரிகிறது. ட்ரம்பின் சட்டத்தரணி ரூடி ஜுலியானி, நியூயோர்க்கின் முன்னாள் மேயர், அதைக் காட்டி, வாக்கைத் திருட யூஎஸ்பி கைமாற்றுகிறார்கள் என்றார். பிறகு மகள் காங்கிரஸ் விசாரணையில் சொன்னார்: அது இஞ்சி மிட்டாய். (அமெரிக்கக் காங்கிரஸைச் சொல்கிறேன், நம்ம காங்கிரஸை அல்ல.) அதற்குள் கொலை மிரட்டல் வந்து, தாய் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது. 2023 டிசம்பரில் ஜுலியானி அவர்களுக்கு 14 கோடி 80 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் தீர்மானித்தார்கள்.

நானும் பாடசாலையில் இருந்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் போனவன். காலையில் காலிப் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டு முத்திரை வைப்பதும், இரவில் எண்ணும் மேசையில் கட்சி முகவர்கள் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, சீட்டுகளைப் பிரித்து அடுக்குவதும் பழக்கமான வேலை. நடுச்சாமத்தில் கண் சொருகும்போது பக்கத்தில் இருக்கும் ரீச்சர் ஒரு டொபி நீட்டுவார். வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம். அந்தக் கையை யாராவது படம் பிடித்து ஊரெல்லாம் காட்டினால், அடுத்த தேர்தலுக்கு எந்த ரீச்சர் கடமைக்கு வருவார்?

சேர், எங்களுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு இருக்கிற மாதிரி அங்கே ஒன்று இல்லையா? உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன்.
– பதுளை

நாடு முழுக்கத் தேர்தல் நடத்துகிற ஓர் ஆணைக்குழு அங்கே இல்லை, மகள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கவுண்டி என்கிற சின்ன நிருவாகப் பிரிவுகள்தான் வாக்கெடுப்பை நடத்தும். பல மாநிலங்களில் அதை மேற்பார்வை செய்யும் செயலாளரே கட்சிச் சின்னத்தில் போட்டியிட்டு வென்றவராக இருப்பார். நம்ம தெரிவத்தாட்சி அலுவலர் யானையிலோ திசைகாட்டியிலோ கேட்டு வென்று வந்தவர் என்று நினைத்துப் பாருங்கள், எப்படியிருக்கும்!

ஒரு நன்மையும் உண்டு. முழு நாட்டின் கணக்கையும் ஒரே ஆளை மிரட்டி மாற்ற முடியாது.

பரீட்சைக்கு உதவுகிற இன்னொன்று: அந்த நாட்டில் பாதி விஷயம் அரசியலமைப்பில் எழுதப்படாத வழக்கத்தில் ஓடுகிறது. ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது முதலில் எழுத்தில் இல்லை. வொஷிங்டன் இரண்டோடு போனார், மற்றவர்களும் போனார்கள். ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் நான்கு தடவை வென்ற பிறகுதான், 1951இல், 22ஆவது திருத்தமாக எழுதி வைத்தார்கள். எழுதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் 2016. உயர் நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது, ஒபாமா மெரிக் கார்லண்டின் பெயரைக் கொடுத்தார். செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி, இது தேர்தல் வருடம், மக்கள் முடிவு செய்யட்டும் என்று விசாரணைக்கே எடுக்கவில்லை. 2020இல் அதே கட்சி, தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஏமி கோனி பரெட்டை அதே நீதிமன்றத்துக்கு உறுதிப்படுத்தியது. சட்டப்படி இரண்டும் சரி. அங்கேதான் கோளாறே.

நாங்கள் கொழுந்துக்கும் காணிக்கும் அல்லாடுகிறோம். அமெரிக்காவில் எவன் வாக்கை எவன் பறித்தால் நமக்கு என்ன?
– பொகவந்தலாவ

கோபம் புரிகிறது அம்மா. ஆனால் இந்தக் கேள்வியை மலையகத்தில் இருந்து கேட்கிறீர்களே!

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தமிழருக்கு வாக்கு இல்லை என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இங்கே பிறந்தவர் பிரஜை ஆக வேண்டுமென்றால், தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், பார்த்தால் எல்லாருக்கும் பொதுவான விதி. லயத்துக் காம்பிராவில் பிறந்த மனுஷன் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவான்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1952 தேர்தல் வந்தபோது இலட்சக்கணக்கான நம்ம ஆட்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. கோடக்கன் பிள்ளை என்பவர் அப்போது நமக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் வரைக்கும் வழக்கைக் கொண்டு போனார். 1953இல் தள்ளிவிட்டார்கள், சட்டத்தில் இனத்தைக் குறிவைக்கும் சொல் இல்லையே என்ற மாதிரித்தான் தீர்ப்புப் போனது. பிறகு நம்ம ஆட்கள் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், கப்பல், ரயில், பிரிந்த குடும்பங்கள். மிச்சக் கணக்கை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் தீர்த்தார்கள்.

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை 1870இல் 15ஆவது திருத்தம் எழுதிவைத்தது. தென் மாநிலங்கள் என்ன செய்தன? கறுப்பர் வாக்களிக்கக்கூடாது என்று எழுதவில்லை. வாக்களிக்க எழுத வாசிக்கத் தெரிய வேண்டும், தலைவரி கட்ட வேண்டும் என்று எழுதின. சரி, அப்படியானால் படிக்காத வெள்ளைக்காரனின் கதி? அதற்கும் வழி வைத்தார்கள். ஒக்லஹோமாவின் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1866 ஜனவரி முதலாம் திகதி வாக்குரிமை உள்ளவராக இருந்தவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் அந்தப் பரீட்சை இல்லை. 1866இல் கறுப்பருக்கு ஏது வாக்கு? உங்கள் தாத்தா யார் என்பதுதான் அங்கேயும் கேள்வி. 1915இல் உயர் நீதிமன்றம் அந்தத் தாத்தா விதியை வெட்டியது. மற்ற முட்டுக்கட்டைகள் 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை ஓடின. 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியமான ஒரு பாகத்தை அதே நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது.

2025 ஏப்ரலில் அங்கே பிரதிநிதிகள் சபை ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. வாக்காளராகப் பதிய வேண்டுமானால், கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழோ அந்த மாதிரி ஒரு பத்திரத்தைக் காட்டிப் பிரஜை என்று நிரூபிக்க வேண்டுமாம். பிரஜை அல்லாதவர் வாக்களிப்பதை ஏற்கனவே சட்டம் தடுக்கிறது. பத்திரம் காட்டுவதில் என்ன தப்பு என்று கொழும்பில் ஒருவர் கேட்கலாம். பொகவந்தலாவையில் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். உங்கள் தோட்டத்தில் எண்பது வயதான யாரையாவது கேட்டுப் பாருங்கள் அம்மா, ஒரு கடதாசித் துண்டுக்காகக் கச்சேரிக்கு எத்தனை நடை நடந்தார்கள் என்று.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லாம் அரிச்சந்திரன் போலிருக்கிறதே!
– நுவரெலியா

இல்லவே இல்லை. மகன் ஹண்டருக்குப் பொதுமன்னிப்புக் கொடுக்க மாட்டேன் என்று பைடன் சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 டிசம்பர் முதலாம் திகதி, தேர்தல் முடிந்த கையோடு கொடுத்தார். தகப்பன் பாசம் சரி, அப்படியானால் முதலில் அந்தச் சொல்லைக் கொடுத்திருக்கக்கூடாது.

தொகுதி எல்லையைத் தங்களுக்கு வசதியாக வெட்டுகிற வேலையையும் இரண்டு கட்சியும் செய்கிறது. 1812இல் மசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி காலத்திலிருந்து நடக்கிற கூத்து அது. 2025இல் டெக்சஸ் மாநிலத்தில் குடியரசுக் கட்சி, குடிசன மதிப்பீட்டுக்குக் காத்திராமல் நடுவிலேயே எல்லைகளைத் திருத்தியது. பதிலுக்குக் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி, சுயாதீனக் குழு வரைந்த எல்லைகளை ஒதுக்கிவிட்டுத் தன் வரைபடத்தைப் போட்டது. கலிபோர்னியாவில் நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்துத்தான் செய்தார்கள், அந்த மட்டுக்கு வித்தியாசம். ஆனால் அவன் செய்தான், நானும் செய்கிறேன் என்ற பேச்சு எந்தக் கட்சி வாயில் வந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

பொய்த் தகுதி சொல்லிப் பதவிக்கு வந்த எம்.பி. அங்கேயும் உண்டா?
– ஹப்புத்தளை

உண்டு. ஜோர்ஜ் சாண்டோஸ், நியூயோர்க். படித்ததாகச் சொன்ன பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை, வேலை செய்ததாகச் சொன்ன இடங்களில் வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் 311க்கு 114 என்று வாக்களித்துச் சபையைவிட்டு வெளியேற்றினார்கள். பிறகு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை வாங்கி உள்ளே போனார். 2025 ஒக்டோபரில் ட்ரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். நம்ம சபாநாயகர் அசோக ரன்வல கலாநிதிப் பட்டச் சர்ச்சையில் 2024 டிசம்பரில் பதவி விலகியது ஞாபகம் இருக்கும். நியமித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

2018இல் நம்ம பாராளுமன்றத்தில் மிளகாய்த்தூள் வீசினார்கள். அமெரிக்காவில் 2021 ஜனவரி 6இல் கட்டடத்தையே உடைத்தார்கள். எது மோசம்?
– மஸ்கெலியா

மிளகாய்த்தூள் கண்ணில் பட்ட பொலிஸ்காரரைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார்! ஆனால் முடிவை வைத்துப் பார்த்தால் நம்ம கதை கொஞ்சம் பரவாயில்லை.

அந்த ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன பிரதமரை மாற்றினார், நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் கலைத்தது செல்லாது என்றார்கள். மூன்றே நாளில் பழைய பிரதமர் திரும்பி வந்தார். நம்ம ஊர் எம்.பி. சிலர் எந்தப் பக்கம் இருந்தார்கள், காலையில் எங்கே, மாலையில் எங்கே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற வேண்டாம்.

அங்கே ஜனவரி 6ஆம் திகதி வாக்குக் கணக்கை உறுதிப்படுத்தும் கூட்டம். துணை ஜனாதிபதி மைக் பென்ஸ்தான் தலைமை. மாநிலங்களின் கணக்கைத் தள்ளும்படி ட்ரம்ப் அவரை நெருக்கினார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பென்ஸ் மறுத்தார். கூட்டம் உள்ளே புகுந்தது, ஏறத்தாழ 140 பொலிஸார் காயப்பட்டார்கள். அன்றிரவே திரும்பக் கூடி எண்ணி முடித்தார்கள். அந்த இரவிலும், உடைந்த கண்ணாடியைத் தாண்டி வந்து, 147 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் கணக்கை எதிர்த்து வாக்களித்தார்கள். பிறகு ட்ரம்ப் மீது குற்றப்பிரேரணை. செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 67 வேண்டும். தப்பினார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம், ஜனாதிபதியாக இருந்து செய்த உத்தியோகபூர்வச் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெருமளவு விலக்கு உண்டு என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 20ஆம் திகதி, மறுபடி பதவியேற்ற அன்றே, ஜனவரி 6 வழக்குகளில் சம்பந்தப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு ட்ரம்ப் மன்னிப்புக் கொடுத்தார்.

மறுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ரஃபென்ஸ்பெர்கரை ஜோர்ஜியா மக்கள் 2022இல் திரும்பத் தெரிவு செய்தார்கள். ஜனவரி 6ஐ விசாரித்த குழுவில் இருந்த லிஸ் செய்னியை அதே வருடம் அவருடைய கட்சிக்காரர்களே தோற்கடித்தார்கள். 2024இல் தோற்ற கமலா ஹாரிஸ் மறுநாளே தோல்வியை ஏற்றார். துணை ஜனாதிபதி என்ற முறையில், 2025 ஜனவரி 6ஆம் திகதி அதே சபையில் தலைமை தாங்கி, தனக்கு 226, ட்ரம்புக்கு 312 என்று தன் தோல்விக் கணக்கைத் தானே வாசித்தார். அன்று அங்கே ஒரு கண்ணாடியும் உடையவில்லை. அதனால்தானோ என்னவோ, நம்ம செய்தியில் அது பெரிதாக வரவும் இல்லை.

என் தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். தினமும் வட்ஸ்அப்பில் "2020இல் களவு நடந்தது" என்று ஏதாவது அனுப்புகிறான். பதில் சொன்னால் சண்டை. என்ன செய்வது வாத்தியாரே?
– பண்டாரவளை

எல்லாவற்றுக்கும் பதில் போடாதீர்கள். ஒன்றுக்குப் பதில் தேடுவதற்குள் அவர் பத்து அனுப்புவார்.

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 2020 நவம்பரில் அதே வாக்குச்சீட்டில், அதே இயந்திரத்தில் பிரதிநிதிகள் சபைக்கும் வாக்குப் போட்டார்கள். அதில் குடியரசுக் கட்சி முன்பைவிட அதிக இடங்களைப் பிடித்தது. அந்த வெற்றியை யாரும் களவு என்று சொல்லவில்லை. ஒரே சீட்டில் ஜனாதிபதிக்கான வாக்கை மட்டும் திருடிவிட்டு, அடுத்த வரியில் எதிரியை வெல்ல விட்ட திருடன் யார் என்று கேளுங்கள். நக்கல் வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேளுங்கள். சண்டை வருகிற மாதிரி இருந்தால் அண்ணியிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுங்கள், அடுத்த கிழமை பார்க்கலாம்.

தம்பி என்ன பதில் போட்டார் என்று எனக்கும் எழுதுங்கள். குரல்பதிவு வேண்டாம், கடிதமாகவே அனுப்புங்கள். இங்கே மழை தொடங்கினால் சிக்னல் இருப்பதில்லை.